அத்தானுக்கு நான் சொன்ன நோய்

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி என்னை வீட்டுக்கு அனுப்பி ஒன்றரை வருசம் ஆகிறது. கசம், அதுதான் சயரோகம், என்று படுத்தவன் எழும்பி மண்வெட்டியோடு வயலுக்குப் போவது இந்தப் பக்கத்தில் இன்னும் ஒரு புதினந்தான். அதனால் இருமல் கண்டவர்களும் அவர்களுடைய பெண்சாதிமாரும் என்னைத் தேடி வந்து கேட்கிறார்கள். ஊசி நோகுமோ, படம் பிடிக்கும்போது சுடுமோ, அங்கே தருகிற சோறு வாயில் வைக்கக்கூடியதோ என்று. ஆளுக்காள் சொல்லி அலுத்துப்போய்த்தான் எழுத உட்கார்ந்தேன். ஊசியையும் சோற்றையும் பற்றி எழுதிவிட்டுத் தப்பிவிடலாம் என்று பார்த்தேன். இரண்டு தரம் அப்படி எழுதிக் கிழித்தும் போட்டேன். இந்த நோய் எனக்கு வந்ததைச் சொல்வதென்றால், அதை முதலில் நான் இன்னொருவர் தலையில் கட்டியதையும் சொல்லவேண்டும்.

என் பெயர் அருளப்பு. குடாநாட்டிலிருந்து கிளிநொச்சிப் பக்கம் குடியேற்றக் காணிக்கு வந்தவன். அதே வாய்க்காலில் எனக்குக் கீழ்க் காணி என் அக்காவின் புருசன் மரியாம்பிள்ளை அத்தானுடையது. காடு வெட்டியது, யானை கலைத்தது, முதல் கொட்டில் போட்டது எல்லாம் இரண்டு பேருமாகத்தான். ஒரு வருசம் மழை பொய்த்தது. குளத்துத் தண்ணீரை முறை வைத்துத் தந்தார்கள். என் முறை வந்த அன்று நான் ஒரு செத்த வீட்டுக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், அத்தான் என் மடையை அடைத்துத் தண்ணீரைத் தன் வயலுக்கு விட்டிருந்தார். கதிர் வெளிவர முன், குடலைப் பருவத்தில் நின்ற என் பயிர் கருகிப் போனது.

அத்தான் செய்தது பிழை. அதை இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அந்தக் கோபத்தை நான் ஐந்து வருசம் தீனி போட்டு வளர்த்தேன். அக்கா தந்துவிடுகிற கறியைச் சாப்பிடுவேன், அத்தான் வந்தால் எழும்பிப் போவேன். ஞாயிறு தவறாமல் பூசை கண்டேன், நற்கருணை நன்மை வாங்கினேன். பாவசங்கீர்த்தனத்தில் தூசணம் பேசியதைச் சொல்வேன், இதைச் சொல்லமாட்டேன். இது பாவம் என்றே எனக்குப் படவில்லை. நியாயம் என் பக்கம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பெண்ணைப் பேசி வந்தால், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் சத்தமில்லாமல் பெண்ணின் தாய்மாமனிடம் போய் விசாரிப்பார். அயலவர்கள் பொறாமையில் கூட்டிச் சொல்வார்கள், தகப்பன் குறைத்துச் சொல்வான், தாய்மாமன்தான் உள்ளதைச் சொல்லுவான் என்று ஒரு நம்பிக்கை. அக்காவின் மூத்தவள் பிலோமினாவுக்கு முல்லைத்தீவுப் பக்கத்தில் ஒரு நல்ல இடம் சரிவந்திருந்தது. பையனுக்கும் அவளைப் பிடித்திருந்தது. பையனின் பெரியப்பா என்னைத் தேடி வரம்பு வரைக்கும் வந்தார்.

"தம்பி, உம்மடை அக்கா வீட்டிலை பெண் எடுக்கிறம். நீர் என்ன சொல்லுறீர்?" என்று கேட்டார்.

"நல்ல பிள்ளை, நல்ல வீடு. அங்கை தண்ணி குடிக்கிறதெண்டால் மட்டும் உங்கடை செம்பைக் கொண்டு போங்கோ" என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கசக்காரர் வீட்டில் ஆரும் செம்பு, கோப்பை தொடமாட்டார்கள் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"அத்தானுக்குக் கன நாளாய் இருமல். நான் சொன்னதெண்டு சொல்லிப்போடாதையுங்கோ" என்று அதோடு சேர்த்தும் விட்டேன்.

அத்தான் இருமுவது சுருட்டால். அவருடைய இருமலும் சுருட்டும் ஒன்றாகத்தான் வாசல் படலைக்குள் வரும். அது எனக்கு நன்றாகத் தெரியும். நான் யோசிக்காமல் சொன்னேன் என்றும் சொல்லமாட்டேன். வரம்பில் அந்த மனுசன் வருவதைத் தூரத்தில் கண்டபோதே அந்த வசனம் என் வாய்க்குள் வந்துவிட்டது. பத்து நாள் கழித்து, இந்த வருசம் கலியாணம் சரிவராது என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனது. அக்கா எங்கள் குசினிக்குள் வந்து அடுப்படியில் இருந்து அழுதாள். அவள் போன பிறகு நான் இரண்டாம் தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன். நான் சாப்பிட்டது என் மனைவி ஞானம்மாவுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஏன் சாப்பிட்டேன் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

நோய் வந்த விதம் இதுதான். பின்னேரங்களில் மெல்லிய காய்ச்சல். சட்டை பெருத்துக்கொண்டு போனது. இருமலை நெற்சூடு மிதித்த தூசு என்று சொல்லி நாளைக் கடத்தினேன். ஒரு காலை வரம்பில் குந்தியிருந்து இருமித் துப்பினால் சிவப்பாக இருந்தது. வெற்றிலை என்று நினைத்தேன். பிறகுதான் அன்றைக்கு நான் வெற்றிலையே போடவில்லை என்பது நினைவு வந்தது.

ஞானம்மா என்னை பஸ்ஸில் வவுனியாவுக்குக் கூட்டிப் போனாள். ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் பத்து மணியிலிருந்து இருந்தோம். இருமுகிறவர்களை ஒரு பக்கமாக இருத்தியிருந்தார்கள். ஒவ்வொருவரும் மற்றவன் இருமும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், தாங்கள் இருமும்போது கூரையைப் பார்ப்பார்கள். சளியை ஒரு மூடி போட்ட கோப்பையில் வாங்கினார்கள். அதைக் கண்ணாடியில் தடவிச் சாயம் பூசிப் பார்த்தால் கிருமி தெரியுமாம். நெஞ்சைப் பலகையில் அழுத்திக்கொண்டு மூச்சைப் பிடி என்று சொல்லிப் படம் எடுத்தார்கள். சுடவில்லை. பலகை மட்டும் குளிராக இருந்தது.

டொக்டர் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். விலா எலும்புகளுக்கு நடுவே, வலப்பக்கம் மேலே, ஒரு வெள்ளை வளையம்.

"எவ்வளவு நாளாய் இருமல்?"

"ஆறு மாசம் இருக்கும் ஐயா."

"படம் அப்பிடிச் சொல்லேல்லை. இது சுவாசப்பையிலை விழுந்த குழி. ரெண்டு மூண்டு வருசமாய் உள்ளுக்கை இருந்திருக்கவேணும். நீர் கவனிக்கேல்லை."

ஞானம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். நான் கணக்குப் போட்டேன். பிலோமினாவின் சம்பந்தம் குழம்பி அப்போது இரண்டரை வருசம். அக்கா வீட்டில் தண்ணீர் குடிக்கவேண்டாம் என்று நான் சொல்லிக்கொண்டு நின்ற நாளில் கசம் என் நெஞ்சுக்குள் இருந்திருக்கிறது. அந்த வரம்பில் நோயாளி நான்தான்.

அதற்குமேல் ஒரு பயம் வந்தது. என்னோடு புழங்கிய எல்லாரும் வந்து படம் எடுக்கவேண்டும் என்றார் டொக்டர். ஞானம்மா, எங்கள் மகள் மேரி, அக்கா வீட்டார் ஐந்து பேர். அக்காவின் குசினியில் நான் எத்தனை தரம் செம்பை வாயில் வைத்துக் குடித்திருக்கிறேன். முடிவு வரும்வரை எட்டு நாள். அந்த எட்டு நாளும் நான் எனக்காகச் செபிக்கவில்லை என்பதை மட்டும் சொல்லலாம். எல்லாருக்கும் நெஞ்சு சுத்தம் என்று வந்தது. அத்தானும் வந்து படம் எடுத்துவிட்டு முற்றத்து மரத்தடியில் நின்றதை யன்னலால் கண்டேன். வார்ட்டுக்குள் வரவில்லை. அவருடைய நெஞ்சைப் பற்றி டொக்டர் சொன்னது, சுருட்டை விடச் சொல்லுங்கோ என்பது மட்டுந்தான்.

ஏழு மாதம் படுத்தேன். ஊசி இருப்புப் பக்கத்தில் ஏற்றுவார்கள், ஸ்ட்ரெப்டோமைசின் என்று பெயர். முதல் மாதம் தினமும். நோகும், ஆனால் தாங்கலாம். காதுக்குள் வண்டு இரைவதுபோல் இருந்தால் உடனே நேர்ஸிடம் சொல்லிவிடவேண்டும். எனக்கு இரண்டு கிழமை இரைந்தது, மருந்தைக் குறைத்தார்கள். அதோடு கைநிறையக் கசப்புக் குளிகை. வயிற்றைப் புரட்டும். அதை நிற்பாட்டினால் கிருமிக்குத் துணிவு வந்துவிடும் என்பார் டொக்டர். ஆஸ்பத்திரியில் காசு வாங்குவதில்லை. சோறு பரவாயில்லை. கோப்பை, பீங்கான் எல்லாவற்றிலும் என் கட்டில் இலக்கத்தைச் சிவப்பில் எழுதியிருந்தார்கள். முதல் நாள் அந்தக் கோப்பையில் தேத்தண்ணி வந்தபோது எனக்குக் குடிக்க முடியவில்லை.

ஞானம்மாவுக்கு வயலையும் மாட்டையும் பார்க்கவேண்டும். அதனால் ஞாயிறு தோறும் பூசை முடிய பஸ் ஏறி வந்தது பிலோமினா. அக்கா அவித்துக் கொடுத்த முட்டை, போத்தலில் பால், கட்டிக்கொள்ளத் தோய்த்த சாரம். இருபத்துநான்கு வயது. இன்னும் கலியாணம் ஆகவில்லை. நோயாளருக்குக் கிட்டப் போகக்கூடாது என்று கட்டிலிலிருந்து தள்ளி ஒரு கதிரை போட்டிருப்பார்கள். அவள் அதில் இருந்து வீட்டுப் புதினம் சொல்லுவாள்.

பக்கத்துக் கட்டிலில் முல்லைத்தீவு யாவாரி காதர் நானா. வாயால் ஆரையும் விடாத மனுசன். ஒரு ஞாயிறு அவள் போன பிறகு கேட்டார்.

"அருளப்பு, கிழமை முழுக்கப் பகலிலை கண்மூடாத ஆள் நீங்கள். அந்தப் பிள்ளை வந்தால் மட்டும் எப்பிடி உடனை நித்திரையாகிறியள்?"

"களைப்பு நானா."

"களைச்ச ஆள் இப்பிடிக் கண்ணை இறுக்கி மூடமாட்டார்" என்றுவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தார்.

புதன்கிழமைகளில் எங்கள் பங்குச் சுவாமி மோட்டார்சைக்கிளில் நோயாளரைப் பார்க்க வருவார். நடமாடக்கூடியவர்களை வெளியே வேம்பின் கீழ் இருத்திக் கதைப்பார். பிரசங்கம் செய்கிற ஆள் இல்லை. கேள்வி கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். அந்தப் பேசாமல் இருப்பதுதான் தாங்க முடியாதது. நான் தண்ணீர்க் கதையை முழுக்கச் சொல்லி, சாவு வந்தாலும் வரும், அதனால் அத்தானை மன்னித்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன்.

"அவர் வந்து கேட்டவரோ?"

"இல்லை சுவாமி."

"அப்ப மன்னிச்சதை ஆருக்குச் சொன்னனீர்?"

"உங்களுக்குத்தான்."

சிரித்தார். எனக்கு எரிச்சல் வந்தது. அத்தானுடைய பெயரைச் சொல்லித் தினமும் ஒரு பரலோக மந்திரம் சொல்லும், அவருடைய வயலுக்கு நல்ல விளைச்சல் கேளும் என்றார். பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவருடைய வயலுக்கு மழை கேட்கிற இடத்தில் நாக்கு தடக்கும். ஒரு நாள் மழை இருட்டிக்கொண்டு வர, அத்தானுடைய கதிர் இப்போது சாய்ந்துவிடுமே என்று நினைத்துக்கொண்டு யன்னலடிக்குப் போய் நின்றேன். என் வயலும் பக்கத்தில்தான் என்பது பிறகுதான் நினைவு வந்தது. அதைச் சுவாமியிடம் சொன்னபோது தலையாட்டினார்.

"சரி. இனி அந்தத் தண்ணிக் கதையை மரியாம்பிள்ளை சொல்லுமாப்போலை சொல்லும்."

"அதெப்பிடிச் சுவாமி?"

"நீர்தான் மரியாம்பிள்ளை. உம்மடை வாயாலை சொல்லும்."

கூத்து ஆடச் சொல்கிறாரோ என்று இருந்தது. ஆனாலும் அத்தானாகத் தொடங்கினேன். என் வயல் வாய்க்காலின் கடைசியில். மேலே உள்ளவர்கள் எடுத்து முடியத்தான் எனக்குத் தண்ணீர். அந்த வருசம் என் முறையில் சேறுதான் வந்தது. மூன்று தரம் மச்சானிடம் சொன்னேன், அவன் சிரித்தான். பிள்ளைகள் மூன்று. அவன் இல்லாத நேரம் பார்த்து மடையை மாற்றினேன். சொல்லச் சொல்ல, அத்தான் மூன்று தரம் கேட்டதும் நான் சிரித்ததும் உண்மையாகவே நடந்தவை என்பது எனக்குத் தெரிந்தது. ஐந்து வருசம் நான் சொல்லித் திரிந்த கதையில் அவை இருக்கவில்லை.

"பிறகு?" என்றார் சுவாமி.

"பிறகு மச்சான் என்னோடை கதைக்கிறேல்லை. நான் பேசாமல் இருந்தன். என்ரை மூத்த பிள்ளைக்கு ஒரு சம்பந்தம் வந்துது. எல்லாம் சரி எண்டு இருக்கேக்கை குழம்பிப் போச்சு. ஏனெண்டு எனக்கு..."

ஏனென்று எனக்கு இன்னும் தெரியாது என்பதுதான் மரியாம்பிள்ளை சொல்லவேண்டியது. எனக்குச் சொல்ல முடியவில்லை. வேம்பின் கீழ், ஆட்கள் போய்வருகிற இடத்தில், நாற்பத்தாறு வயது ஆம்பிளை சாரத்தில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். சுவாமி அதுவரைக்கும் கேள்வி கேட்டவர், பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. நானாகத்தான் செம்புக் கதையைச் சொன்னேன்.

"இந்த நோய் அதுக்குத் தண்டனையோ சுவாமி?"

"கிருமிக்கு உம்மடை பாவமும் தெரியாது, மரியாம்பிள்ளையின்ரை தண்ணியும் தெரியாது. அதைக் கொண்டுபோய்க் கடவுளிலை போடாதையும். நீர் செய்தது நீர் செய்ததுதான்."

பாவசங்கீர்த்தனம் கேட்டார். இத்தனை செபமாலை சொல்லு என்று முடித்துவிடுவார் என்று நினைத்தேன். "மாட்டைக் களவெடுத்தவன் மாட்டைத் திருப்பிக் குடுக்கவேணும். நீர் எடுத்தது ஒரு வீட்டின்ரை பேர்" என்றார். நான் அவரையே போய்ச் சொல்லச் சொல்லிக் கெஞ்சினேன். கேட்டதை வெளியே சொல்லமுடியாது என்றும், சொல்லமுடிந்தாலும் சொல்லமாட்டேன் என்றும் சொல்லிவிட்டு மோட்டார்சைக்கிளை உதைத்தார்.

அடுத்த ஞாயிறு நான் நித்திரையாகவில்லை. காதர் நானா துவாயை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பிலோமினாவிடம் சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை, முட்டைப் பொட்டலத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"எனக்குத் தெரியும் மாமா" என்றாள். "கலியாணம் குழம்பின பிறகு அவர் ஒரு கடிதம் போட்டவர். உன்ரை மாமாவே சொன்னவர், பெரியப்பா விடமாட்டன் எண்டுறார் எண்டு. நான் அதை அடுப்பிலை போட்டிட்டன். அம்மாவுக்குத் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது."

"தெரிஞ்சுகொண்டே ஏன் பிள்ளை இவ்வளவு நாளும் வந்தனீ?"

"ஆரும் வரத்தானே வேணும்."

போன கிழமைப் பால் போத்தலை எடுத்துப் பையில் வைத்தாள். பிறகு, "உங்களை மன்னிச்சிட்டனோ எண்டு எனக்கே தெரியாது மாமா. பஸ்ஸிலை வரேக்கை அதை யோசிக்கிறேல்லை. முட்டை உடையாமல் வரவேணும் எண்டுதான் யோசிக்கிறனான்" என்றாள்.

ஊசியும் இருமலும் எனக்கு இதைப்போல நோகவில்லை. முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தேன்.

போகும்போது ஒன்று சொன்னாள். தங்கச்சி றெஜினாவுக்குப் புதுக்குடியிருப்பில் ஒரு இடம் பார்க்கிறார்கள். அந்த வீட்டில் கசம் என்ற கதை அங்கேயும் போயிருக்கிறது. "எனக்காண்டி ஒண்டும் வேண்டாம். அவளுக்காண்டிப் போய்ச் சொல்லுங்கோ. முதலிலை அப்பாட்டைச் சொல்லுங்கோ" என்றாள். அந்தப் பிள்ளை என்னிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல் தரம்.

மூன்று மாதம் தொடர்ந்து சளியில் கிருமி இல்லை என்று வர, துண்டு வெட்டினார்கள். வீட்டுக்கு வந்து ஞானம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. "எங்கடை மேரிக்குப் பதினெட்டு. கசக்காரன்ரை மகள் எண்டு ஏற்கெனவே சொல்லுறாங்கள். இனிப் பொய்க்காரன்ரை மகள் எண்டும் சொல்லட்டும் எண்டுறியளோ?" என்று கேட்டாள். அது நியாயமான கேள்வி. இரண்டு நாள் என்னோடு கதைக்காமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் காலையில் வேட்டியைத் தோய்த்து மடித்துக் கட்டிலில் வைத்திருந்தாள்.

அத்தான் மாட்டுப்பட்டி வேலியைக் கட்டிக்கொண்டு நின்றார். அக்காவையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சொன்னேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். அத்தான் கையில் இருந்த கயிற்றை முடிந்து முடித்தார்.

"நான் உன்ரை தண்ணி எடுத்தது பிழை" என்றார். "அதுக்கு என்ரை பிள்ளையோ?"

அவ்வளவுதான். அடிப்பார் என்று நினைத்துத்தான் போனேன். அடித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

மறுநாள் பஸ்ஸில் புதுக்குடியிருப்புக்குப் போய் மாப்பிள்ளை வீட்டைத் தேடிப் பிடித்தேன். உள்ளே போகாமல் முற்றத்திலேயே நின்றேன். கசம் எனக்கு வந்தது, அத்தான் வீட்டில் ஆருக்கும் இல்லை, எல்லாருக்கும் படம் எடுத்தது, முந்தி நான் பொய் சொல்லித்தான் மூத்த பிள்ளையின் கலியாணம் குழம்பியது என்று நான்கைந்து பேருக்கு முன்னால் சொன்னேன். ஒரு கிழவி, தாய்மாமன் செய்கிற வேலையோ இது என்று காறித் துப்பினாள். மாப்பிள்ளையின் தகப்பன், நாங்கள் யோசிப்பம் என்றார். அன்று மாலைக்கிடையில் அந்த ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும்.

அவர்கள் யோசித்து, சரி என்று சொல்லியனுப்பினார்கள். என்னை ஆரும் கூப்பிடவில்லை. கூப்பிடுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவுமில்லை. எங்கள் கோயிலில் கலியாணம் செய்யப் போகிறவர்களின் பெயரை மூன்று ஞாயிறு பூசையில் சுவாமி வாசிப்பார். மூன்றாம் ஞாயிறு நான் வழக்கம்போலக் கடைசி வாங்கில், கதவடியில் இருந்தேன். அத்தான் முன்னுக்கு இருந்தார். சுவாமி றெஜினாவின் பெயரையும் பையனின் பெயரையும் வாசித்து, இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் இப்போது சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று சொல்லி நிறுத்தினார். அப்போது அத்தான் திரும்பி என்னைப் பார்த்தார். வேலியடியில் நின்ற நாளுக்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்த்தது அன்றுதான். அந்த முகத்தில் கோபத்தைத்தான் தேடினேன். அங்கே இருந்தது பயம். நான் தலையைக் குனிந்து, வாயை மூடிக்கொண்டு இருந்தேன். சுவாமி அடுத்த அறிவித்தலை வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் அத்தான் மெல்ல முன்னுக்குத் திரும்பினார்.